விழுங்கப்பட்டவற்றின் இழுப்பறைகள்

குழந்தைகளின் தொண்டையும் மூச்சுக்குழாயும் தனித் துறையாக வளராத காலத்திலேயே தன் பணிவாழ்வின் பெரும்பகுதியை அவற்றுக்கே கொடுத்த அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சனைப் பற்றி இன்று எழுதத் தோன்றியது. 1865இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த இவர், பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்றார். நோயாளிகளின் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இழுப்பறைகளில் உள்ளன. நாணயம், பொத்தான், ஊக்கு என எல்லாமே வீட்டுத் தரையில் கிடப்பவைதாம்.

ஊக்கு எளிய பொருள்தானே என்று நினைக்க வேண்டாம். திறந்த ஊக்கின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும்போது அப்படியே இழுத்தால் உணவுக்குழாய் கிழிந்துவிடும் என்பதால், அதை உள்ளேயே மூடியோ திருப்பியோ, மெல்லிய குழாயின் முனையில் எரியும் சிறு விளக்கின் வெளிச்சத்தில் வெளியே கொண்டுவர வேண்டும்.

ஆனால் எனக்கு இவர் முக்கியமாவது வேறொரு காரணத்தால். வீட்டில் துப்புரவுக்கு வைத்திருந்த, சதையை அரிக்கும் காரப் பொடியைச் (lye) சர்க்கரை என்று நினைத்து விழுங்கிய குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கி, தண்ணீர்கூட இறங்காமல் போவதைத் தொடர்ந்து பார்த்தவர், சிகிச்சையோடு நிற்கவில்லை. அத்தகைய டப்பாக்களில் நஞ்சு என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார் (அறுவை மருத்துவர்களில் இந்தப் பொறுமை அரிது). 1927இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது.