27 மாதமா, 27 வயதா?

மகன் மணல் தின்பதை நான் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையை ஒட்டி வீடு. இங்கே மணல் தின்னாத பிள்ளை எது? சிரித்துக்கொண்டே வாயைக் கழுவிவிடுவேன். பின்புறச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டி அவன் நக்கிக்கொண்டிருந்த அன்றுதான் பகீரென்றது. அடுத்த கிளினிக்கில் நிறை பார்த்த மிட்வைஃப் மிஸ், அவனுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளிறிப்போயிருக்கிறது, இரத்தம் சோதிக்க வேண்டும்" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அதுவரை எல்லாம் சுலபம்.

முதல் நாள் போனால் இரத்தம் எடுக்கும் அறை பூட்டியிருக்கிறது. போயா, பௌர்ணமி விடுமுறை. வீட்டில் மூன்று நாட்காட்டிகள் தொங்குகின்றன, ஒன்றையும் பார்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. இரண்டாம் நாள் நிலாவெளி பஸ் பிந்தியது. போய்ச் சேர ஒன்பதே முக்கால். ஒன்பதரைக்கே நிறுத்திவிடுவார்களாம்; அப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் ஏழு மணிக்கே போனோம். இரண்டு பேர் கையைப் பிடிக்க, அவன் போட்ட கூச்சலில் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்க, ஒருவழியாக இரத்தம் எடுத்தாயிற்று.

அறிக்கை வாங்கப் போனதுதான் இன்னும் எரிகிறது. கவுண்டரில் இருந்தவர் பிள்ளைகளின் கட்டைப் புரட்டிவிட்டு, "வரவில்லை, தங்கச்சி. நாளைக்கு வந்து பாருங்கள்" என்றார். மறுநாளும் அதே பதில். "எடுத்த இரத்தம் எங்கே போயிற்று, ஐயா?" என்று கேட்டேன். "வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம்" என்றார், ஏதோ பேனை தொலைந்ததைப் போல. அந்தக் கையை மறுபடியும் பிடிப்பதா? நகரமாட்டேன் என்று நின்றேன். பக்கத்து மேசையில் இருந்த இளம்பெண் எதற்கும் பார்ப்போமே என்று பெரியவர்களின் கட்டைப் பிரித்தார். அடியிலிருந்து மூன்றாவது தாள். பெயர் சரி. வயது என்ற இடத்தில் வெறும் 27. மாதம் என்ற சொல் விடுபட்டதில் என் மகன் 27 வயது ஆண்பிள்ளையாகிப் பெரியவர்களோடு படுத்திருந்தான். பக்கத்தில் அச்சடித்திருந்த சரியான அளவும் வளர்ந்த ஆணுக்கு உரியதுதான்.

ஆகவே சொல்கிறேன்: துண்டைக் கொடுக்கும்போதே வயதுக்குப் பக்கத்தில் மாதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள்.

ஹீமோகுளோபின் 9.2. இந்த வயதில் 11க்குக் குறையக்கூடாது. சாப்பாட்டைப் பற்றித்தான் டொக்டர் கேட்பார் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவர் கேட்டதோ, "ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் பால்?" ஐந்து. பால்மா கரைத்த 240 மில்லிலீட்டர் போத்தல்கள் ஐந்து. சோறு வேண்டாம் என்பான், பாவம் பசிக்குமே என்று பால் கொடுப்பேன்; பால் குடித்ததால் சோறு வேண்டாம் என்பான். அவர் 500 மில்லிலீட்டருக்கு மேல் வேண்டாம் என்றார். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கல்சியம் மற்ற உணவிலிருந்து வருவதையும் உடலில் சேரவிடாது. காலையில் மாமி பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கும் தேநீரும் அதே வேலையைத்தான் செய்கிறதாம். அதை வீட்டில் சொன்னதும் மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்கு பிள்ளைகளைத் தேநீர் கொடுத்துத்தானே வளர்த்தார்.

இரும்புச்சத்துப் பாணிமருந்தை நாமாகவே வாங்கித் தொடங்கக் கூடாது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணு இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். அதனால் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் எழுதினார். அதை வெளியே காசு கொடுத்துச் செய்தோம். உடலில் இரும்பு இருப்பு இல்லை என்பது உறுதியானது. மணலும் சுண்ணாம்பும் தின்றது அதனால்தானாம்.

மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்புறம் விட்டால் பல் கறுக்காது. பாலோடு கொடுக்கவே கூடாது. தோடம்பழச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அதைப் பார்த்து நான் அழுத அழுகையை நினைத்தால் இப்போது வெட்கம். போத்தலைப் பூட்டி வையுங்கள்: இனிப்பு மணம், பிள்ளை முழுவதையும் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

உணவுக்கு ஊரே ஆலோசனை சொன்னது. பேரீச்சம்பழம் கொடு என்றார்கள். 100 கிராமில் ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் இரும்பு. இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 7 வேண்டும். முக்கால் கிலோ பேரீச்சம்பழத்தை யார் ஊட்டுவது? முருங்கையிலை வறையை முதல் வாயிலேயே என் சட்டையில் துப்பினான். கீரையிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ளதைப் போல எளிதாகச் சேர்வதுமில்லை. ஈரல் நல்லதுதான், ஆனால் பொரித்த மணம் பட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

கடைசியில் கைகொடுத்தது கட்லட். கோழி ஈரலை அவித்துத் தேங்காய் துருவியில் துருவினால் தூளாக விழும். அதைச் சூரை மீனோடும் உருளைக்கிழங்கோடும் பிசைந்து, தேசிக்காய் பிழிந்து, ரஸ்க் தூளில் புரட்டி, அவனுடைய பெருவிரல் அளவுக்கு உருட்டுவேன். பெரிய உருண்டை வைத்தால் தொடமாட்டான். இதையோ விளையாட்டுக் காரில் ஏற்றி ஓட்டிக்கொண்டுபோய் வாயில் போடுகிறான். ஈரல் கிழமைக்கு ஒரு தடவைதான், வைட்டமின் ஏ அளவு மிஞ்சிவிடக்கூடாது. மற்ற நாளில் மீன் மட்டும், அல்லது மாட்டிறைச்சி. பருப்பில் தக்காளி கூடுதலாகப் போடுகிறேன். முருங்கையிலைக்கு மட்டும் மாமி ஒரு வழி கண்டார். பஸ் நிலையத்தடியில் திரியும் மான்களை அவனுக்குக் காட்டி, "மான் என்ன தின்கிறது பார்" என்றாராம். அன்றிரவு வறையில் மூன்று வாய் இறங்கியது. தேநீர் விஷயம் இப்போது வீட்டில் பேசப்படுவதில்லை. பேரனுக்கு அது வருவதுமில்லை.

ஒரு மாதம் கழித்து 10.5. துண்டில் 28 மாதம் என்று நானே பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் அதே மனிதர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பிள்ளைகளின் கட்டில் வைத்தார்.

இருப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் மருந்து தொடர வேண்டுமாம். அடுத்த சோதனை நாளை மூன்று நாட்காட்டிகளிலும் பார்த்துவிட்டேன். போயா இல்லை.