பதினொன்று பத்து

ஜூன் 11
குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டை வரைக்கும் அந்தக் காற்று வருகிறது. அப்பா இன்றும் அரைக் கிலோ அல்வா.

ஜூன் 13
மெயில் இல்லை. பெங்களூர் மேற்படிப்புக்கான நேர்காணல் முடிந்து பதினாறு நாள்.

ஜூன் 14
புற நோயாளிகள் பிரிவில் இன்று எழுபது பேருக்குக் குறையாது. ஒரு பாட்டியின் மகன், “குணம்தான் மாறிவிட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறார்” என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பெங்களூரிலும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மனநலம் முடித்தவர் ஏன் நரம்பியல் பக்கம் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் பாடம் ஒப்பித்தேன். மூளைக் கோளாறால் குணமும் நடத்தையும் மாறுவதைப் பார்க்கும் துறை இது, அமெரிக்காவில் இதற்குச் சான்றிதழ்த் தேர்வே 2006இல்தான் வந்தது, நரம்பியல் படித்தவரும் மனநலம் படித்தவரும் அங்கே ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், பயிற்சி குறைந்தது ஓராண்டு என்றேன். 1965இல் நரம்பியல் மருத்துவர் கெஷ்விண்ட் எழுதிய கட்டுரையையும் இழுத்தேன்: மூளையின் பகுதிகள் கெடாமல் அவற்றுக்கு இடையே உள்ள இணைப்பு அறுந்தாலே மனிதரின் பேச்சும் செயலும் கெட்டுவிடும் என்று. எல்லாம் சரிதான். ஓரத்தில் இருந்த பெரியவர், “அது துறையின் கதை. உங்கள் கதை?” என்றார். என்ன உளறினேனோ. எட்டு மாதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 17
நோயாளிகளுக்கு வைக்கும் மறதிச் சோதனையை, செய்யக்கூடாது என்று தெரிந்தே அப்பாவுக்குச் செய்தேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தை அப்பாவிடம் நீட்டி, ஒரு கடிகாரம் வரையுங்கள், மணி பதினொன்று பத்து என்றேன். தபால்காரக் கை. கோணாத வட்டம். பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது முதலில். மற்ற எண்கள் அப்புறம். சின்ன முள் பதினொன்றைத் தாண்டி ஒரு நூல் தள்ளி நின்றது. ஒரு குறையும் இல்லை. தாளின் ஓரத்தில் மட்டும் நெய்க் கறை, கட்டைவிரல் அளவு.

டிமென்ஷியாவுக்கு மறதிநோய் என்று தமிழில் பெயர் வைத்தவரை ஒருமுறை பார்க்க வேண்டும். இவருக்கு எது மறந்தது? அம்பாசமுத்திரம் என்றால் 627401, தென்காசி என்றால் 627811, கேட்கும் முன்னே சொல்கிறார். ஒரு ஸ்டாம்புக் காசு கணக்கில் குறைந்தால் இரவுச் சாப்பாடு இறங்காத மனிதர். இப்போது தேரடிப் பக்கம் கடையில் அல்வாவை எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் நடந்துவிடுகிறார். நான் பின்னாலேயே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஜூன் 18
வாழை இலைத் துண்டுகளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருக்கிறார். ஒன்பது.

ஜூன் 20
பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகவில்லை, அதுதான் என்கிறாள் ஆச்சி. நான் சொன்ன காரணம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஓய்வு பெற்ற சோர்வு, மனச்சோர்வு என்று என் கையாலேயே மாத்திரை எழுதினேன். எட்டு மாதம். முதல் மாதமே அழவில்லையே, தூக்கம் கெடவில்லையே, வருத்தம் என்ற ஒன்றே காணோமே என்று பார்த்திருக்க வேண்டாமா? ஆச்சியாவது கோயிலைத்தான் குறை சொல்கிறாள், அப்பாவை இல்லை.

ஜூன் 23
அம்மா அடுக்களையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு. அப்பா அவளைத் தாண்டிக் காலெடுத்து வைத்து, அடுப்பிலிருந்த காப்பியை ஊற்றிக்கொண்டு திண்ணைக்குப் போனார். நான் பார்த்தேன்.

அம்மா, “அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்” என்றாள். கவனித்தார். தாண்டியிருக்கிறாரே.

ஜூன் 24
மாவுக்கட்டு. ஆறு வாரம். அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. ரிப்போர்ட் நாளைக்கு. ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு முழுதாகப் படிக்கத் தெரியாது, அதற்குத்தானே விண்ணப்பமே. ஆனாலும் நெற்றிப் பக்கம் மடிப்புகளுக்கு நடுவே கறுப்பு அகலமாகத் தெரிந்தது. மதியம் வாய்க்கால் வற்றின வயல் மாதிரி. ஆர்னால்டு பிக் என்ற மருத்துவர் பிராகில் 1892இலேயே இப்படிச் சுருங்கிய மூளையைப் பற்றி எழுதிவிட்டார். பாடத்தில் படித்தேன், தேர்வில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன்.

ஜூன் 25
ரிப்போர்ட் வந்தது. ஜன்னலில் பார்த்ததுதான்: மூளையின் முன்பகுதி சுருங்கி, நினைவுக்கு முன்னால் குணம் கெடும் டிமென்ஷியா.

ஜூன் 27
மெயில் வந்தது. கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும்.

இதை நிறுத்த இன்றைக்கு மருந்து இல்லை. நான் போய்ப் படித்து வந்தாலும் இருக்காது. அங்கே ஓராண்டு யார் யார் வீட்டு அப்பாக்களையோ உட்கார வைத்து வட்டம் போடச் சொல்லிக்கொண்டிருப்பேன். இங்கே ஒற்றைக் கையோடு அம்மா. தம்பி போனில், “நீ போ அக்கா, பார்த்துக்கொள்ளலாம்” என்றான். யார் என்று சொல்லவில்லை.

ஜூன் 28
அப்பாவிடம் சொன்னேன். பெங்களூரில் எந்த இடம் என்று கேட்டார். ஓசூர் ரோடு என்றேன். “560029” என்றார். பிறகு, கடை திறந்திருக்குமா என்று கேட்டார். மணி பார்த்தேன்.

ஜூலை 1
பதில் எழுத நாளை கடைசி நாள். அப்பா சட்டை மாட்டுகிறார்.