துட்டிக்குப் போகிற ஊரும் போகாத ஊரும்

இங்கிலாந்துக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். அதே மழை, அதே உருளைக்கிழங்கு, அதே டெஸ்கோ கடை, பால் ஊற்றிய அதே டீ. வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் ஒரு சாவு விழ வேண்டும். என் வேலை அதற்குத் தோதானது. முன்பு இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ், இப்போது அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் மேலோ பக்கம் இன்னொரு முதியோர் இல்லத்தில் நர்ஸ்.

லெஸ்டரில் ஒருவர் இறந்தால் மகளோ மகனோ வருவார்கள். எங்களுக்கு மனதார நன்றி சொல்வார்கள். சாமான்களை எடுத்துக்கொண்டு போவார்கள். அப்புறம் இரண்டு மூன்று வாரம் ஒரு சத்தமும் இருக்காது. தகனக்கூடத்தில் நேரம் கிடைக்க வேண்டும், தாள் வேலை முடிய வேண்டும், வெளியூர்ப் பேரன் லீவு எடுக்க வேண்டும். அங்கே ஐந்தில் நான்கு பேரை எரிக்கிறார்கள் என்பதால் தகனக்கூடம் எப்போதும் கூட்டம்தான். குறித்த நேரத்துக்கு உள்ளே போய், பாட்டு, இரண்டு பேச்சு, திரை மூடியதும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்துவிட வேண்டும். முன்வாசலில் அடுத்த குடும்பம் நின்றுகொண்டிருக்கும்.

இதைக் கல்நெஞ்சம் என்று நம் ஊர் நர்ஸ்கள் பேசிக்கொள்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவோடு குறுக்கெழுத்துப் போடுவார். அப்பா இறந்த அன்று கார் நிறுத்தும் இடத்தில் வண்டிக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எங்களில் யாரும் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊரில் அதுதான் மரியாதை. அழுகிறவனைப் பார்க்காத மாதிரி இருப்பது. மறுநாள் ஒருவர் விடாமல் எல்லோரும் அவருக்கு ஆளுக்கொரு அட்டை எழுதினார்கள்.

கார்க்கில் கதையே வேறு. திங்கட்கிழமை இறந்தால் புதன் அல்லது வியாழன் அடக்கம். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆர்ஐபி டாட் ஐஈ என்று மரண அறிவிப்புக்கென்றே ஓர் இணையதளம், 2005 முதல் நடக்கிறது. 2024இல் ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகை அதை விலை கொடுத்து வாங்கியது என்றால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் இல்லத்துப் பாட்டிகள் காலைக் கஞ்சியோடு அதைத்தான் படிக்கிறார்கள். கண் தெரியாதவர்களுக்கு உள்ளூர் வானொலி வாசித்துக் காட்டும்.

அறிவிப்பில் எந்த வீடு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று இருக்கும். போக வேண்டியதுதான். செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, அவர் தங்கையோடு வேலை பார்த்தவர் என்றாலே போதும். நான் போன ஒரு வீட்டில் வரிசை வாசலைத் தாண்டிச் சாலை வரை நின்றது. மஞ்சள் மேலங்கி போட்ட உள்ளூர் விளையாட்டுக் கிளப் ஆட்கள் பக்கத்து வயலில் கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே திறந்த பெட்டி. சுற்றிலும் நாற்காலிகளில் குடும்பம். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, "உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படுறேன்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். புதிதாக ஏதாவது சொல்ல முயல்பவர்கள்தான் வரிசையைத் தடுக்கிறவர்கள். கடைசியில் அடுக்களை. அங்கே டீ, ஹாம் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், அப்புறம் சத்தமான சிரிப்பு. இறந்தவர் செய்த சேட்டைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும் என்று பாதிரியார் கையெழுத்துப் போட்ட அட்டைகள் ஒரு தட்டில் குவிந்து கிடக்கும். முப்பதாம் நாள் ஒரு பூசையும் உண்டு.

நாகர்கோவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. சாண்ட்விச்சைத் தவிர.

துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க, ஊரே போகும் இடத்தில் அந்தரங்கம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். லெஸ்டரில் பக்கத்து வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்கவே பல மாதம் ஆனது. ஆனால் பனி விழுந்த காலையில் என் வாசல் நடைபாதையையும் சேர்த்து அவரே சுரண்டி வைத்திருப்பார். நன்றி சொல்லப் போனால் கையை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். இங்கே வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் சம்பளம் தவிர எல்லாம் கேட்டுவிட்டார்கள். "கேரளாவா?" என்று தொடங்குவார்கள், ஏனென்றால் இங்கே இந்திய நர்ஸ் என்றாலே பெரும்பாலும் மலையாளிகள். பக்கத்தில்தான் என்பேன். கடலா மலையா, நிலம் உண்டா, அம்மா எந்த ஊர்? இங்கிலாந்தில் ஒருவர் வாயைத் திறந்ததும் பேச்சை வைத்தே எந்த வகுப்பு, எந்தப் பள்ளி என்று ஊகித்துவிடுகிறார்கள், அதனால் கேட்கத் தேவையில்லை. இங்கே யாருடைய மகள், எந்தத் தேவாலயப் பங்கு, அம்மா வழியில் யார் என்று பிடித்தால்தான் பேச்சு மேலே நகரும்.

முகவரி விஷயத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தில் கதவு எண்ணும் அஞ்சல் குறியீடும் போதும். அயர்லாந்துக் கிராமங்களில் வீட்டுக்கு எண்ணே இருக்காது. குடும்பப் பெயர், சிற்றூர் பெயர், மாவட்டம், அவ்வளவுதான். ஒரே சிற்றூரில் ஒரே குடும்பப் பெயரில் நாலு வீடு இருந்தால் தபால்காரர் பாடு. வீட்டுக்கு வீடு தனிக் குறியீடு தரும் ஐர்கோடு 2015இல்தான் வந்தது. அது வந்த பிறகும் வழி கேட்டால், தேவாலயம் தாண்டி, எரிந்துபோன கொட்டகைக்கு அடுத்த திருப்பம் என்றுதான் சொல்கிறார்கள். கொட்டகை எரிந்து இருபது வருஷம் ஆகியிருக்கும், அங்கே இப்போது புல்தான் இருக்கும்.

காசு விஷயத்தில் மட்டும் இங்கிலாந்துப் பக்கம் சாய்கிறேன். அங்கே குடும்ப மருத்துவரைப் பார்க்கக் காசு வேண்டாம். இங்கே மருத்துவ அட்டை இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் அறுபது யூரோ அளவில் எடுத்து வைக்க வேண்டும். முதுமைக்கு வந்தால் தலைகீழ். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் கையில் இருந்தால் இல்லச் செலவு முழுக்க நம் தலையில். தனியாக வாழ்ந்தவர் என்றால் வீட்டையும் கணக்கில் சேர்ப்பார்கள். வீட்டை விற்ற கதையை அங்கே எத்தனையோ பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே 2009 முதல் ஒரு திட்டம்: வருமானத்தில் 80 சதவீதமும், சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 7.5 சதவீதமும் நாம் கொடுக்க, மிச்சம் அரசு தரும். குடியிருந்த வீட்டை மூன்று வருடத்துக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2021இல் சில நிபந்தனைகளோடு பண்ணை நிலத்துக்கும் அந்த வரம்பு வந்தது. தன் நிலத்துக்குத் தானே குத்தகைதாரராகப் பல தலைமுறை கிடந்த மக்கள் நிலத்தை அவ்வளவு எளிதில் விடுவார்களா?

மாலை ஆறு மணிக்கு இங்கே அரசுத் தொலைக்காட்சியில் மணி அடிக்கும். கத்தோலிக்கர்களான நம் மூவேளை செபத்தின் மணி. ஒரு நிமிடம் அது ஒலித்த பிறகுதான் செய்தி. செபம் சொல்பவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் டீ கேட்பார்கள். டீயையும் நேராகக் கேட்க மாட்டார்கள். வேண்டாம் என்பார்கள், மறுபடி கேட்டாலும் வேண்டாம், மூன்றாவது முறை "சரி, நீ போடுகிறாய் என்றால்". லெஸ்டரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாம் முறை கேட்டால் முகம் மாறும். அங்கே மணி அடித்தாற்போல ஓர் அமைதி வருவது கிறிஸ்துமஸ் அன்று மதியம் மூன்று மணிக்கு, அரசரின் உரைக்கு.

ஹர்லிங் பற்றிச் சொல்லாமல் விட்டால் கார்க்கில் என்னை உள்ளே விட மாட்டார்கள். மட்டையும் பந்துமாக ஓடும் அந்த ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆடுபவர் மறுநாள் பள்ளியில் பாடம் நடத்துவார். 2005க்குப் பிறகு இருபது வருடம் கார்க் கோப்பையை வென்றதில்லை. 2025 ஜூலை இறுதிப் போட்டியில் இடைவேளையின்போது ஆறு புள்ளி முன்னிலை. இரண்டாம் பாதியில் கார்க் எடுத்தது இரண்டே புள்ளி. டிப்பரேரி வென்றது. அன்று இரவு எங்கள் ஹாலில் இருந்த முகங்களைப் பார்த்து மாத்திரை கொடுக்கவே தயக்கமாக இருந்தது.

எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோடையில்தான் டப்ளினில் இந்தியர்கள் தாக்கப்பட்டு, நம் தூதரகமே எச்சரிக்கை வெளியிட்டது. முந்தைய வருடம் இங்கிலாந்தில் கலவரம். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகப் பேருந்துக்கு நிற்கும்போது இரண்டு நாடும் ஒன்றுதான்.

எங்கள் இல்லத்தில் டெவனில் பிறந்த ஓர் அம்மா இருக்கிறார். மேலோக்காரரைக் கல்யாணம் செய்து இங்கே வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அவரை வந்தேறி என்றுதான் பாசத்தோடு சொல்கிறார்கள். கடைசிக்கால விருப்பங்களுக்கான பக்கத்தில் தெளிவாக எழுதச் சொன்னார்: அறிவிப்பு வேண்டாம், பார்வையாளர் வேண்டாம், கார்க் துறைமுகத்து ராக்கி தீவில் தகனம், மகன் மட்டும் வந்தால் போதும். பக்கத்தில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பராமரிப்பாளர் நிமிர்ந்தார்.

"அதெல்லாம் நடக்காதும்மா. நாங்க வருவோம்."

"வந்தால் சாண்ட்விச் கிடையாது."

"நாங்களே கட்டிக்கொண்டு வருவோம்."

அந்த அம்மா சொன்னபடியேதான் நான் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது பராமரிப்புத் திட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் சண்டை.