பெர்கே வரை வந்தவன்

மே 5

ஊழிய முகாமுக்கு வந்த எங்கள் எல்லார் போனையும், முகாமை நடத்தும் அண்ணன் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். ஞாயிறு மதியம் அரை மணி நேரம் கையில் கிடைக்கும். அப்பாவின் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வருகிறது. இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

மே 6

மழை. டென்டின் ஒரு பக்கம் முழுக்க ஈரம். பிள்ளைகள் நாற்பது பேர் வருவார்கள் என்றார்கள், வந்தது பதினொரு பேர். ஒரு பையன் கடைசிவரை வாயே திறக்கவில்லை. பாட்டுக்குக் கை தட்டவும் இல்லை. டென்ட் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 7

காலைத் தியானம் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 13. எல்லாரும் எலிமா என்ற மாயவித்தைக்காரனைப் பற்றிப் பேசினார்கள். என் கண் பதின்மூன்றாம் வசனத்தில் நின்றுவிட்டது. பவுலும் பர்னபாவும் ஊழியப் பயணத்தில் கப்பலேறிப் பெர்கே என்ற ஊருக்கு வந்து சேர்கிறார்கள். யோவான் என்ற மாற்கு அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிடுகிறான். அவ்வளவுதான். ஏன் போனான் என்று இதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. பயமா, காய்ச்சலா, உள்நாட்டுக்குப் போக ஏற வேண்டிய மலையா? அவன் அம்மா மரியாள் எருசலேமில்தான் இருந்தாள். பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்த ராத்திரி அவள் வீட்டில்தான் எல்லாரும் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து ஏதாவது செய்தி வந்திருக்கக் கூடாதா? மதியம் மண் சுமக்கும்போதும் இதே யோசனை.

மே 8

ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. கேனில் இருந்தது கொதிக்க வைக்காத தண்ணீர். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். விறகு நனைந்துவிட்டது, ஒரு நாள்தானே என்று அப்படியே நிரப்பிவிட்டதாகத் தண்ணீர்ப் பொறுப்பில் இருந்த பெண் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உன்னால் முடியாதென்றால் ஏன் வந்தாய்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மாலையில் மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் மோசமானது.

உப்புச்சர்க்கரைப் பாக்கெட் தீர்ந்துவிட்டது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அக்கா அளந்து கலக்கினார், நான் டம்ளரில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சிறிது சிறிதாகக் கொடு, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடு என்றார். அவள் என் கையிலிருந்து வாங்காமல் அக்கா கையிலிருந்து வாங்கிக் குடித்தாள்.

ராத்திரி அண்ணன், மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றிப் பேசினார். 1793இல் இந்தியாவுக்கு வந்தார், முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். ஏழு வருடப் பொறுமை என்றார். எனக்கு மனசு ஏழு வருடத்தில் நிற்கவில்லை. 1794இல் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். அதன்பின் மனைவி டொரதியின் மனநிலை கலங்கியது, மீளவே இல்லை. பொறுமை என்று நாம் சொல்லும்போது டொரதியை எந்தக் கணக்கில் சேர்க்கிறோம்? கேட்க வாய் வரவில்லை. எல்லாரும் சோர்ந்து கிடந்தார்கள்.

மே 9

இன்று வெள்ளி.

மே 10

சாமான் எடுக்கப் போகும் ஜீப்பில் ஒரு இடம் இருந்தது. விடியற்காலையிலேயே பையைக் கட்டிவிட்டேன். வீட்டில் அவசரம் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. அண்ணனிடம் போவதற்குள் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜீப் போனபின் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அடுக்கினேன். உறுதியாக நின்றதாக மத்தியானம் ஒருவர் என்னைப் பாராட்டினார். இடம் ஒன்றுதான் இருந்தது, அதனால் நின்றேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் வாசித்தேன். மாற்குவை மறுபடி கூட்டிப்போகலாம் என்கிறார் பர்னபா. பாதியில் விட்டுப்போனவன் வேண்டாம் என்கிறார் பவுல். சண்டை முற்றி இருவரும் பிரிகிறார்கள். பவுலின் குரலைப் படிக்கும்போது என் குரல் கேட்டது.

மே 11

அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் சிக்னல் தேடியே போனது. ரிப்போர்ட் புதன்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அப்பா போனை வாங்கி, "பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்றார். முப்பத்திரண்டு என்றேன். "நல்லது" என்றார். கட் ஆகிவிட்டது.

மே 12

ராத்திரி காற்றில் டென்ட் கயிறு அவிழ்ந்து, நாங்கள் கட்டிய ஒவ்வொரு முடிச்சும் நழுவியது. காலையில் அந்தப் பையன் எல்லாருக்கும் முன்னால் வந்து, யாரையும் கேட்காமல், நான்கு மூலையிலும் கட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும் அவிழ்த்து, மெதுவாக ஒருமுறை கட்டிக் காட்டினான். பேசவில்லை. என் முடிச்சை இழுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினான். மறுபடி கட்டினேன்.

மாற்குவைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். கொலோசெயர் 4:10ஐக் காட்டினார்: அவன் பர்னபாவுக்கு உறவு. அப்புறம் 2 தீமோத்தேயு 4:11. சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்கு அவன் உதவியாக இருக்கிறான் என்று. நடுவில் என்ன நடந்தது என்று எங்கும் இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது: பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்கு (சைப்ரஸ்) கப்பல் ஏறினார். முதல் பயணத்தில் ஆரம்பித்த அதே தீவு. அங்கிருந்தே மறுபடி.

ராத்திரி தூக்கம் இல்லை. புதன்கிழமை கேனுக்கான முறை அவளுக்கு மட்டும் இல்லை. எனக்கும்தான். நான் தூங்கிவிட்டேன். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மே 13

சாட்சி நேரத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். பேசி முடிக்கும்வரை கால் நடுங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து தந்தார்.

மூன்று வரிதான் எழுத வந்தது. தூங்கியது நான்தான். எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது தவறு. உடம்பு தேறியதும் உனக்குச் சரி என்றால் இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர் முறை எடுத்துக்கொள்ளலாம்.

மே 14

கடிதம் ஜீப் டிரைவரிடம். போன் டப்பாவை இன்று ஒரு முறை திறக்க அண்ணன் சம்மதித்திருக்கிறார், நாலு மணிக்கு. இப்போது மூன்றே முக்கால். மழை மறுபடி பிடித்துவிட்டது, கிழக்கு மூலையில் கயிறு தளர்கிறது, பையன் கூப்பிடுகிறான். என் பெயரைச் சொல்லி