நாற்று வாங்கப் போகிறீர்களா?

பருவம் தொடங்கும்போது வீட்டுத்தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் நாற்று விற்பனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விதை போட்டு வளர்த்தவரே எதிரில் நிற்பார். என்ன ரகம், எவ்வளவு உயரம் போகும், பந்தல் வேண்டுமா என்று அவரிடமே கேட்கலாம். கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

உயரத்தைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். பூவும் பிஞ்சுமாக நிற்கும் தக்காளி நாற்றைத்தான் எல்லோரும் முதலில் அள்ளுகிறார்கள். சின்னக் கப்பிலேயே பூத்துவிட்ட செடி பெரும்பாலும் வேருக்கு இடமில்லாமல் தவிக்கிற செடி. குட்டையாக, தண்டு தடித்து இருப்பதை எடுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை ஈயும் அசுவினியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு செடியோடு வந்தால் போதும், தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

கேரட், முள்ளங்கியை நாற்றாக வாங்க வேண்டாம். பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப் போகும். நேரடியாக விதைப்பதுதான் சரி.

நிழலில் வளர்ந்த நாற்றை வந்ததும் உச்சி வெயிலில் வைக்காதீர்கள். 7 முதல் 10 நாள் வரை வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள். அப்புறம், தக்காளியைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடலாம். மண்ணுக்குள் போகும் தண்டிலிருந்தே புது வேர் விடும்.

உங்களிடம் நாற்று மிஞ்சினால் தூக்கிப் போடாமல் விற்பனைக்குக் கொண்டு வாருங்கள். ரகப் பெயரும் விதைத்த தேதியும் எழுதிய சீட்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.