இரண்டு செபங்களுக்கு நடுவே

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலில் பிழை காண்பது கடினம். திருவிவிலியத்துக்கு அது பொருந்துகிறது, திருச்சபையின் போதனைக்கும் பொருந்துகிறது. மறைக்கல்வி வகுப்பில் சில காலம் நின்ற எவரும் ஏறக்குறைய அதையே சொல்லியிருப்பார்கள். இருந்தும் மாதங்கள் கடந்த பின்பும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அன்று 2025 ஒக்டோபர் 19, பொதுக்காலத்தின் 29ஆம் ஞாயிறு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் வாசகங்களில் விடாமுயற்சியைப் பற்றிய இரண்டு பகுதிகள் அந்த ஞாயிறில் ஒன்றாக வரும். விடுதலைப் பயணம் 17இல் அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசே குன்றின்மேல் கைகளை உயர்த்தி நிற்கும்வரை இஸ்ரயேலர் வெல்கிறார்கள். கை தாழ்ந்தால் தோற்கிறார்கள். அவர் களைத்துப்போனதும் ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை இருத்தி, ஆளுக்கொரு பக்கம் நின்று, பொழுது சாயும்வரை கைகளைத் தாங்குகிறார்கள். லூக்கா 18இல் நேர்மையற்ற நடுவரின் வாசலுக்கு ஒரு கைம்பெண் நீதி கேட்டுத் திரும்பத் திரும்பப் போகிறாள்.

வகுப்பில் பெரும்பாலோர் ஆண்டு ஐந்து. விடாமுயற்சி என்றால் என்ன என்று கேட்டேன். புலமைப்பரிசிலுக்குப் படிப்பது என்று பலர் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சொல்லைப் பரீட்சை எங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு அதில் நீண்டநாள் மனத்தாங்கல் உண்டு. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தவர்களும் கீழே நின்றவர்களும் அந்த அறையில் அருகருகே இருந்தார்கள். முயன்றால் கிடைக்கும் என்று அங்கே எப்படிச் சொல்வது? கீழே நின்ற பிள்ளை, தான் முயலவில்லை என்றல்லவா எடுத்துக்கொள்ளும்? அதனால் வேறு விதமாகச் சொன்னேன். நம்பிக்கையில் நிலைத்திருப்பது என்றால் கேட்டது கிடைக்கும்வரை கேட்பது மட்டுமல்ல, கிடைக்காவிட்டாலும் கேட்கப்படுகிறவரை விட்டுப் போகாதிருப்பது என்றேன். பிள்ளைகளுக்கு விளங்கியதோ தெரியாது. ஒருத்திக்கு விளங்கியது.

"ரீச்சர், அம்மம்மா மாமாவுக்குச் செபமாலை சொல்வதை விட்டுவிட்டார். அது பாவமா?"

எந்த மாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் அதைக் கேட்கத் தேவையில்லை. 2009இல் வன்னியில் காணாமல் போனவர் அவர். இவள் பிறந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு.

"பாவமில்லை, பிள்ளை," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மோசேக்கும் கை தளர்ந்ததுதானே? ஆரோனும் கூரும் பிடித்துக்கொண்டார்கள். அம்மம்மாவுக்குக் களைத்துவிட்டது. நீ அவருடைய கையைப் பிடித்துக்கொள். அவர் விட்ட இடத்திலிருந்து நீ சொல்."

அவள் தலையாட்டினாள். பிறகு கைம்பெண் உவமையை வரையச் சொல்லிக் கடதாசி கொடுத்தேன். வகுப்பு முடிந்தது.

ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. பாவமில்லை என்ற பதில் அம்மம்மாவைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும், ஆனால் தனியே விட்டுவிடும். விடாமுயற்சியை ஒரு தனி ஆளின் மனவலிமையாகச் சொல்லிக்கொடுப்பது எங்கள் மண்ணில் கொடுமை என்றே நினைக்கிறேன். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலருகே காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரை நினைத்துக்கொள்ளாமல் அந்தக் கைம்பெண்ணின் கதையை என்னால் வாசிக்க முடிவதில்லை. அவர்களிடம் போய் இன்னும் கொஞ்சம் மனந்தளராமல் இருங்கள் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் உங்கள் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று சொல்லலாம். விடுதலைப் பயணப் பகுதி சொல்வது அதைத்தான்.

எங்கள் சபையின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லாமல் போயிற்று. 1687இல் புனித யோசேப் வாஸ் என்ற குரு ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே அவர் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பார்கள். சில்லாலையில் அவர் தங்கிப் பணி செய்ததை எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கொழும்பு காலிமுகத்திடலில் 2015 ஜனவரி 14 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதையும் சொல்கிறோம். அவரைக் கண்டதும் மாறிய அந்த முகங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். குரு இல்லாத முப்பது ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். பூசையைக் கண்ணால் காணாத அவர்களுக்குச் செபம் வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரு தலைமுறை சோர்ந்த இடத்தில் அடுத்தது பிடித்துக்கொள்ளவில்லையென்றால் வாஸ் அடிகளார் யாரைத் தேடிக் கண்டுபிடித்திருப்பார்?

இப்படி எண்ணி என் பதிலில் நான் நிம்மதியாகவே இருந்தேன், அடுத்த ஞாயிறு அவளுடைய தாய் என்னைத் தேடி வரும்வரை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது இலகுவாக இருந்திருக்கும். வீட்டில் இரவுச் செபமாலை முடிந்ததும் மகள் உரத்த குரலில், "காணாமல் போன மாமா திரும்பி வரவேண்டும் என்று மன்றாடுவோம்" என்று சொன்னாளாம். பாயிலிருந்து எழுந்த அம்மம்மா குசினிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லையாம்.

"அம்மா களைத்து விடவில்லை, ரீச்சர்," என்றார் அந்தத் தாய். "திரும்பி வரவேண்டும் என்று கேட்க இப்போது வாய் வருகுதில்லை. இறந்தவர்களுக்குக் கேட்கிற நித்திய இளைப்பாற்றியைக் கேட்டால், தன் வாயாலேயே பிள்ளையைக் கொன்றதாகிவிடும் என்கிறார். அதனால்தான் ஒன்றும் கேட்காமல் இருக்கிறார். செபமாலையை ஒருநாளும் விட்டதில்லை."

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மோசேக்குத் தான் எதற்காகக் கையை உயர்த்துகிறார் என்பது தெரியும். லூக்காவின் கைம்பெண்ணுக்குத் தன் வழக்கு எதுவென்று தெரியும். இந்த அம்மம்மாவிடம் இரண்டு மன்றாட்டுகள் இருக்கின்றன, ஒன்று மற்றதை மறுக்கிறது. அரசும் அவரிடம் இதையேதான் கேட்டது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, காணாமற்போனதற்கான சான்றிதழும் எடுக்கலாம் என்றார்கள். இரண்டையும் அவர் எடுக்கவில்லை என்று மகள் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். பெயர்கள் எழுதிக் கொடுக்கும் காலம். சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைத் துப்பரவு செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றும் நாள். அந்த வீட்டார் அம்மப்பாவின் கல்லறைக்குப் போவார்கள். மாமாவுக்கு அங்கே இடமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. இப்படி எத்தனை வீடுகள் என் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றன என்று அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததுண்டு. ஆனால் ஒரு செபத்தின் வார்த்தைகள் அந்த வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று நினைத்ததில்லை.

பொருத்தமான பகுதி ஒன்று திருவிவிலியத்தில் இருக்கிறது. தொடக்க நூல் 37இல் யாக்கோபின் முன் இரத்தம் தோய்ந்த அங்கியைக் கொண்டுவந்து போடுகிறார்கள். மகன் இறந்தான் என்று நம்பி அவர் அழுகிறார். பிள்ளைகள் எல்லோரும் தேற்றியும் ஆறுதல் கொள்ள மறுக்கிறார். யோசேப்போ எகிப்தில் உயிரோடு இருக்கிறார். உயிரோடிருக்கும் மகனுக்கு இழவு காத்த தகப்பன் அவர். இதைவிட நெருக்கமான கதை அந்த அம்மம்மாவுக்குக் கிடையாது. ஆனாலும் அதை நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. அந்தக் கதையில் யோசேப்பு திரும்பக் கிடைக்கிறார்.

அப்படியானால் என் பதில் தவறா? அப்படியும் சொல்ல மனம் வரவில்லை. அம்மம்மா களைத்துவிட்டார் என்று நான் எண்ணியது நடந்ததற்குப் பொருந்தவில்லை. தாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பது பொருந்துகிறது. கேட்க முடியாமலும் செபமாலையை விடாமலும் தினமும் அந்தப் பாயில் வந்து இருப்பதுதான் மனந்தளராமை என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்லிவிட்டால் பாடம் அழகாக முடிந்துவிடும். அந்த அழகையே நான் சந்தேகிக்கிறேன். அவர் குசினிக்குள் நின்ற நேரத்துக்கு நான் ஒரு பெயர் வைத்துக்கொள்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு பத்து வயதுப் பிள்ளை அந்தக் கைகளைத் தாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஆரோனும் கூரும் வளர்ந்த மனிதர்கள். மறுபக்கம், அவள் கேட்பதற்கு முன்பே அந்தச் சுமை அவள் தோளில் இருந்தது. இல்லாவிட்டால் அப்படியொரு கேள்வி எங்கிருந்து வரும்?

அந்தத் தாய் போகும்போது, "இனி அவள் எதைச் சொல்லவேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். பங்குத்தந்தையிடம் போனேன். உயிரோடிருப்பவருக்கா இறந்தவருக்கா என்று பிரிக்காமல் ஒருவருடைய கருத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், பிரித்தறியும் வேலையை இறைவனிடம் விடுங்கள் என்றார். நல்ல பதில். தாயிடம் அப்படியே சொன்னேன். ஒரு பிள்ளை இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கு ஏற்ற வார்த்தையாக அது எனக்குப் படவில்லை.

ஆகவே வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டு, "நீ அம்மம்மாவுக்காகச் செபம் சொல், அது போதும்" என்றேன்.

"அப்படியென்றால் மாமாவுக்கு யார் சொல்வது?"

"நான் சொல்கிறேன்."

அவள் உடனே சம்மதித்தாள். வீட்டிலும் இப்போது அப்படித்தான் சொல்கிறாள் என்று தாய் சொன்னார். அம்மம்மா எழுந்து போவதில்லையாம்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். இரவுச் செபமாலை முடிந்து அந்தப் பெயருக்கு வரும்போது சில நாள் திரும்பி வரவேண்டும் என்று கேட்கிறேன், சில நாள் இளைப்பாற்றி கேட்கிறேன். முன்னதைக் கேட்கும்போது பொய் சொல்வது போலவும், பின்னதைக் கேட்கும்போது அவருடைய தாயிடம் உத்தரவு பெறாமல் ஒன்றைச் செய்வது போலவும் இருக்கிறது. இவற்றில் எதைக் கேட்கிறேன் என்று அந்தப் பிள்ளை இன்னும் விசாரிக்கவில்லை. விசாரிப்பாள், அவள் அப்படிப்பட்ட பிள்ளை.