காரைத் திருப்பிக் கொடுக்க எந்தத் தேதி?

எங்கள் மின்சார காருக்கு வருகிற ஜனவரி 24-ம் தேதி மூன்று வயது முடிகிறது. 2023-ல் வாங்கும்போதே பைபேக் திட்டத்தில் சேர்ந்திருந்தோம். மூன்று வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், வாங்கிய அன்றைய எக்ஸ்-ஷோரூம் விலையில் 60 சதவீதத்தைக் கம்பெனி தந்துவிடும். கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு தீபாவளியிலிருந்தே பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்துவிடலாம் என்று போன மாதம் முடிவாயிற்று. அதற்கப்புறம் எந்தத் தேதியில் கொடுப்பது என்று தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். அலுவலகத்தில் இதே மாதிரித் திட்டத்தில் கார் எடுத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்ததாகச் சொல்லவில்லை.

முதலில் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காரைக் கொடுக்கக்கூடிய காலம் 35 மாதம் முடிந்ததும் தொடங்கி 37 மாதம் முடியும்வரை. அதற்கு ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் அந்த 60 சதவீதம் கிடையாது. ஓடியது 45,000 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்லா சர்வீஸும் அவர்களுடைய மையத்திலேயே செய்திருக்க வேண்டும். சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டம் வரை அடிபட்ட விபத்து எதுவும் இருக்கக் கூடாது. பெயின்ட் உரசல், டயர் தேய்மானம் போன்றவற்றுக்குப் பிடித்தம் உண்டு. அதற்கு ஒரு பட்டியல் தனியாக இணைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடும்போது எல்லோரும் 60 என்ற எண்ணைப் பார்க்கிறோம். எதில் 60 என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆன்-ரோடு விலையில் இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், அக்சஸரீஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். அவை இந்தக் கணக்கில் வராது. எங்களுக்கு எக்ஸ்-ஷோரூம் 16.5 லட்சம், ஆக உத்தரவாத விலை 9.9 லட்சம். "வாங்கிய தேதியின் விலை" என்று தெளிவாக எழுதியிருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. ஏனென்றால் இதே மாடலின் இன்றைய விலை அதைவிடக் கணிசமாகக் குறைவு.

மின்சார கார்களின் விலை இறங்கிய வேகம் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2024 பிப்ரவரியில் டாட்டா தன் நெக்ஸான் இ.வி.யின் விலையை 1.2 லட்சம் வரை குறைத்தது. பேட்டரி செல்களின் விலை இறங்கியதைக் காரணமாகச் சொன்னார்கள். மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய அதே வழியில் போயின. புதுக் காரின் விலை இறங்கும்போது பழைய காரின் விலையையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. மின்சார காருக்கு ஏற்கெனவே 5 சதவீதம்தான், அது அப்படியே நிற்கிறது. புது பெட்ரோல் கார் மலிவானபோது, பழைய இ.வி.யைத் தேடி வந்தவர்களில் சிலர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் சிவாஜிநகரில் பழைய கார் வாங்கி விற்பவர், ஆம்பூர்க்காரர். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, வண்டி நல்லா வெச்சிருக்கீங்க, அதுல குறையே இல்ல. ஆனா இ.வி.ன்னா வாங்கறவன் முதல்ல பேட்டரிக்கு என்ன கேரண்டின்னுதான் கேக்கறான். எட்டுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றார். ஆன்லைனில் ஒரு நிறுவனம் 7.6 லட்சம் சொன்னது. அதாவது உத்தரவாத விலைக்கும் சந்தை விலைக்கும் இடையே ஏறக்குறைய 2 லட்சம். இந்த இடைவெளிதான் பைபேக் ஒப்பந்தத்தின் உண்மையான மதிப்பு. சந்தை விலை 11 லட்சமாக இருந்திருந்தால் ஒப்பந்தத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே விற்றிருப்போம். யாரும் கேட்க முடியாது. திருப்பிக் கொடுப்பது நம் உரிமை, கட்டாயம் கிடையாது. அதனால் ஒப்பந்தக் காலம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வெளியில் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுவிடுங்கள். வெளி விலை தெரியாவிட்டால் கம்பெனி தரும் விலை லாபமா நஷ்டமா என்றே சொல்ல முடியாது.

என் கணவர் காரை வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் சார்ஜ் போட்டால் நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நூறு ரூபாய்தான் ஆகிறது. பெங்களூரில் ஒரு லிட்டர் பெட்ரோலே நூறைத் தாண்டிவிட்டது. பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி, அதில் இன்னும் ஐந்து வருடம் பாக்கி. புதுக் கார் வாங்கினால் முதல் மூன்று வருடத்தில்தான் விலை மிக அதிகமாக விழும், அந்த வீழ்ச்சியை மறுபடியும் நாமே ஏன் தாங்க வேண்டும் என்று கேட்டார். 9.9 லட்சத்தை வாங்கிக்கொண்டு 20 லட்சத்துக்கு அடுத்த காரை எடுத்தால் இந்த 2 லட்ச லாபத்துக்கு அர்த்தமே இல்லை என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். காரைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் அடுத்து எதில் போகப் போகிறோம் என்பதையும் அதே காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் கணக்கு பாதியில் நிற்கும்.

இன்னொரு யோசனையும் வந்தது. 9.9-க்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதே மாடல், இதே வயதுள்ள இன்னொரு காரைச் சந்தையில் எட்டரைக்கு வாங்கினால் என்ன? காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் நம் காரை யார் எப்படி ஓட்டினார்கள், எந்த அளவுக்கு வேகச் சார்ஜ் போட்டார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்போது சில கம்பெனிகள் பேட்டரிக்கு ஆயுள் முழுக்க வாரண்டி தருகின்றன, அதுவும் முதல் உரிமையாளருக்கு மட்டும். கை மாறினால் எட்டு வருடக் கணக்குக்கு வந்துவிடும். கடைசியில் நாங்கள் ஒத்துப்போனது, ஆயுள் வாரண்டி உள்ள, இதைவிடச் சின்ன ஒரு புதுக் காரில். விலை 13 லட்சத்துக்குள். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், எங்கள் இருவருக்கும் பெரிய கார் தேவையில்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா மகன் அமெரிக்காவில், ஒஹாயோவில் இருக்கிறார். அவரிடம் ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டீசல் கார் இருந்தது. 2015 செப்டம்பர் 18-ம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தக் கம்பெனியின் மோசடியை வெளியிட்டது. சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும்படி மென்பொருளை வைத்திருந்தார்கள். 2016 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் பிரேயர் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, சுமார் 4,75,000 இரண்டு லிட்டர் டீசல் கார்களின் சொந்தக்காரர்கள் காரைக் கம்பெனிக்கே திருப்பி விற்கலாம். விலை, மோசடி தெரிவதற்கு முன் 2015 செப்டம்பரில் இருந்த மதிப்பு. அதற்கு மேல் குறைந்தது 5,100 டாலர் இழப்பீடு.

அண்ணனுக்கும் எப்போது கொடுப்பது என்ற கேள்வி வந்தது. அவருடைய கணக்கு எங்களுடையதற்கு நேர்மாறு. விலை உறைந்து நின்றதால் மாதம் போகப் போக அது குறையவில்லை. வருடத்துக்கு 12,500 மைல், அதாவது சுமார் 20,000 கிலோமீட்டர் வரை ஓட்டிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால்தான் பிடித்தம். கார் தன் எஞ்சினில் ஓடும் நிலையில் இருந்தால் போதும். 2018 செப்டம்பர் 1-க்குள் விண்ணப்பித்தால் ஆண்டு இறுதிவரை நேரம் இருந்தது. சந்தையில் மற்ற எல்லாக் கார்களும் விலை இழந்துகொண்டிருந்தபோது அவருடைய கார் மட்டும் இழக்கவில்லை. மைல் வரம்புக்குள்ளேயே ஓட்டி, முடிந்த வரை பயன்படுத்திவிட்டு 2018-ல் கொடுத்தார். எனக்கு இன்றும் வருத்தமாக இருப்பது நம் ஊர்க்காரர்களை நினைத்துத்தான். இந்தியாவில் 2015 டிசம்பரில் அதே வகை எஞ்சின் கொண்ட சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனால் காரை வைத்திருந்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பை யாரும் தரவில்லை. ஒஹாயோவில் இருந்தவருக்குக் கிடைத்த தேர்வு ஓசூரில் இருந்தவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

சரி, எங்கள் தேதிக்கு வருகிறேன். 35 மாதம் முடிந்தது டிசம்பர் 24. உடனே கொடுத்தால் ஒரு மாதம் கார் இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது டிசம்பரிலேயே புதுக் கார் எடுக்க வேண்டும். டிசம்பரில் டீலர்கள் நல்ல தள்ளுபடி தருவார்கள் என்பது உண்மை. ஆனால் 2025-ல் தயாரான கார் ஒரு வாரத்திலேயே போன வருடத்துக் கார் ஆகிவிடும். பின்னால் விற்கும்போது அந்த ஒரு வருடத்தைக் கழித்துத்தான் பேசுவார்கள். அதனால் ஜனவரி என்று வைத்தோம்.

மறுபக்கம், கடைசி நாளான பிப்ரவரி 24 வரை இழுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் இன்சூரன்ஸ் குறுக்கே வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம். எங்களுக்கு அதுவும் ஜனவரி 24 நள்ளிரவோடு முடிகிறது, சொந்தச் சேதத்துக்கான பாலிசியும் அன்றே முடிகிறது. ஒரு மாதம் ஓட்டுவதற்காக ஒரு வருட பிரீமியம் கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. கடனுக்கான இன்னொரு மாதத் தவணையும் சேரும். ஆகவே ஒப்பந்தம் பிப்ரவரி வரை அனுமதித்தாலும், எங்களுக்கு உண்மையான கடைசி நாள் ஜனவரி 24-தான். மூன்று வருடத் திட்டத்தில் கார் எடுத்த யாருக்கும் இந்த இரண்டு தேதிகளும் இப்படித்தான் முட்டும் என்று நினைக்கிறேன்.

இடையில் பொங்கல். அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், முழங்கால் வலியால் பஸ் படி ஏற முடியாது. கார் இருந்தால்தான் அவரைச் சுவாமிமலைக்கும் அத்தை வீட்டுக்கும் கூட்டிப் போக முடியும். ஓடோமீட்டரில் இன்னும் இரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது, போய் வர அது தாராளம். கிருஷ்ணகிரி, சேலம் வழியில் பொங்கல் நெரிசலில் எவனாவது இடித்துவிட்டால் 9.9 லட்சம் போய்விடுமே என்று கணவர் பயந்தார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மாவை இந்தப் பண்டிகைக்கு வீட்டிலேயே உட்கார வைத்துக் காரை மட்டும் பத்திரப்படுத்த எனக்கு மனமில்லை. பகலில் மட்டும் ஓட்டுவது, போகியன்று கிளம்பாமல் இரண்டு நாள் முன்பே கிளம்புவது என்று பேசி முடித்தோம்.

காகித வேலையில் எல்லோருக்கும் உதவக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். வங்கியில் கடன் முடிக்கும் தொகைக்கான அறிக்கையை முன்பே வாங்குங்கள்; பைபேக் பணத்தில் வங்கிக்கு நேராகப் போவது எவ்வளவு, நமக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் ஆர்.சி. மாற்றம் நிற்கும். கர்நாடக அரசு 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் பாதித் தொகைச் சலுகை தந்தபோதே நாங்கள் ஒரு சிக்னல் அபராதத்தைக் கட்டிவிட்டோம். நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, காருக்குச் சொந்தமில்லை, நமக்குச் சொந்தம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் புதுக் காருக்கு அது செல்லும். பாஸ்டேக்கை மூடிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காரின் உரிமையை மாற்றும் படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு "நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். கார் கை மாறும்வரை ஆர்.சி.யில் நம் பெயர்தான் இருக்கும், விபத்து நடந்தால் நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கலாம். அதற்கப்புறம் காருக்குப் பொறுப்பு டீலருடையது. எங்கள் காரை எடுக்கிறவர் முதலில் "அதெல்லாம் தேவையில்லை மேடம்" என்றார். தேவை என்று மின்னஞ்சலில் எழுதினேன், இரண்டாம் நாளே சரி என்று பதில் வந்தது. ஒப்படைக்கும் நேரம், ஓடோமீட்டர் எண் இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குவேன்.

பரிசோதனைக்கு ஜனவரி 19, திங்கட்கிழமை காலை நேரம் வாங்கியாயிற்று. மறுநாள் ஒப்படைப்பு. ஏதாவது தகராறு வந்தால் பேசித் தீர்க்க இன்சூரன்ஸ் முடிவதற்குள் நான்கு நாள் கையில் இருக்கும். இரண்டாவது சாவி கும்பகோணத்தில் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிடித்தம் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள், பொங்கலுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்து வர வேண்டும்.